மொரீனி சிஎம் 162 இஐ ஏர் பிஸ்டல்: காசைக் கொட்ட வேண்டிய இடமும் கொட்டக் கூடாத இடமும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மாவட்ட, மாநிலப் போட்டிகளைத் தாண்டி யோசிக்கிறவர்களுக்கு மொரீனி சிஎம் 162 இஐ நல்ல தேர்வு. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அது பாதி பிஸ்டல்தான். மீதிப் பாதியை அரமும் மணல் காகிதமும் எம்-சீலும் வைத்து நீங்களே செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். அதைச் செய்யாமல் மேலே எடைக்கட்டிகளையும் அலங்காரப் பாகங்களையும் வாங்கிப் பூட்டுகிறவர்கள்தான் ரேஞ்சில் அதிகம்.

பிஸ்டல் தயாராவது சுவிட்சர்லாந்தின் டிசீனோ மாநிலத்தில், பெடானோ என்ற ஊரில். குழல் விட்டம் 4.5 மி.மீ., எடை ஒரு கிலோவை ஒட்டி. 200 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்பும் காற்றுச் சிலிண்டர் குழலுக்கு அடியில் திருகப்படுகிறது. பெயரில் உள்ள 'இ' எலக்ட்ரானிக் ட்ரிக்கரைக் குறிக்கும். இதே உடலில் மெக்கானிக்கல் ட்ரிக்கரோடு 162 எம்ஐ என்ற மாடலும் உண்டு. ஸ்டேயர், பார்டினி பிஸ்டல்களில் இருப்பதுபோல் அதிர்வை எதிர்த்து உள்ளே நகரும் எடை இதில் கிடையாது. முதலில் இது குறையாகத் தோன்றும். குழலில் போட்டிருக்கும் துளைகள் காற்றை வெளியே விட்டுவிடுவதாலும், குழல் கைக்கு மேல் தாழ்வாக உட்கார்ந்திருப்பதாலும் சுட்டபின் முனை எகிறுவது குறைவு. அந்தப் பிஸ்டல்களையும் இதையும் மாறி மாறிச் சுட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், ஆனால் ஸ்கோர் அட்டையில் தெரியாது.

சட்டம் பற்றி ஒரு வரி. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்குள், 20 ஜூலுக்கு மிகாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டல் சுமார் 6 ஜூல்தான். அதனால் "வேகத்தைக் கொஞ்சம் ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 10 மீட்டரில் வேகத்தால் ஒரு புள்ளியும் கூடாது. வால்வு அழுத்தம் கெட்டு, ஒவ்வொரு குண்டும் வேறு வேறு வேகத்தில் போகும். அதுதான் மிச்சம்.

முதலில் கிரிப்

கிரிப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு ஒரு கணக்கு. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 33 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கை முழுதும் இணையாக 1 மி.மீ. நகர்ந்தால் குண்டு இலக்கில் 1 மி.மீ. தள்ளி விழும். ஆனால் மணிக்கட்டு மடிந்து முன் சைட் மட்டும் 1 மி.மீ. விலகினால் இலக்கில் 30 மி.மீ. தவறும். இலக்கில் ஒரு வளையத்தின் அகலம் 8 மி.மீ. ஆகவே அது கிட்டத்தட்ட நான்கு வளையம். பத்தாக வேண்டிய குண்டு ஏழாகவோ ஆறாகவோ ஆகிறது. கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு மணிக்கட்டு மடிவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மடிவதைத் தடுப்பது கிரிப்பின் பொருத்தம்தான்.

சைஸ் சரியாக வாங்குவது முதல் படி. கிரிப் அளவுகளில், இடைப்பட்ட கை உள்ளவர்கள் பெரியதையே எடுக்கட்டும். மரத்தைக் குறைப்பது சுலபம், கூட்டுவது கஷ்டம். இடக்கைக்காரர்களுக்குத் தனிக் கிரிப் உண்டு. வலக்கைக் கிரிப்பைச் செதுக்கி இடக்கைக்கு மாற்ற முயல்வது வீண் வேலை.

வேலை தொடங்குமுன் சிலிண்டரைக் கழற்றுங்கள், குழலில் குண்டு இல்லை என்று பாருங்கள், குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமான நிலையில் நின்று, பிஸ்டலைப் பிடித்து, கையை உயர்த்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டிலுள்ள பள்ளத்தின் நடுவில், மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து முறை தூக்கி, எந்தப் பக்கம் அதிகமாக ஒதுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வலக்கைக்காரருக்கு முன் சைட் இடப்பக்கம் ஒதுங்கினால், உள்ளங்கையின் அடிமேடு அழுத்தும் இடத்தில், அதாவது கிரிப்பின் பின் வலப்பகுதியில் பூச்சு சேர்க்க வேண்டும். அது பிஸ்டலின் பின்பக்கத்தை இடப்புறம் தள்ளும், முனை வலப்புறம் திரும்பும். வலப்பக்கம் ஒதுங்கினால் அதே இடத்தை அரத்தால் குறைக்க வேண்டும். முன் சைட் தாழ்ந்து போனால் கிரிப்பின் பின்புறக் கீழ்ப்பகுதியில் சேர்த்தால் முனை உயரும். உயர்ந்து நின்றால் அங்கே குறைக்க வேண்டும். கிரிப்பின் கோணத்தை மாற்றத் திருகு உள்ள பிஸ்டலாக இருந்தால் முதலில் திருகில் முடித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் அரத்தை எடுங்கள்.

பூச்சுக்கு வெளிநாட்டு மரப்பசைகளைத் தேடி அலைய வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் போதும். பூசப்போகும் இடத்தை 80-ஆம் நம்பர் மணல் காகிதத்தால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, நாலைந்து சிறு குழிகள் போட்டுவிடுங்கள். வழவழப்பான மரத்தில் பூசினால் ஆறு மாதத்தில் அடையாகப் பெயர்ந்து கையில் வரும். இரண்டு பகுதியையும் சம அளவில், நிறம் ஒன்றாகும் வரை பிசையுங்கள். அளவு கூடக்குறைய இருந்தால் இறுகாமல் ரப்பர்போல் நிற்கும். பிஸ்டல் உடலை பாலிதீன் தாளால் சுற்றி, கையில் தண்ணீர் தடவி, சுடும் நிலையில் கையை நீட்டிப் பிடித்து அச்சு எடுங்கள். மேஜை முன் உட்கார்ந்து அச்சு எடுப்பது பெரிய தப்பு. நின்று கையை நீட்டும்போது உள்ளங்கைத் தசை வேறு வடிவத்தில் இருக்கும். ஒரே தடவையில் கனமாக அப்பாமல் 2 மி.மீ. வீதம் போட்டு, ஒரு நாள் காயவிட்டு, பிறகு அடுத்தது.

அரம் போடும்போது கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து கழற்றிவிட வேண்டும். மரத்தூள் ட்ரிக்கருக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. எங்கே குறைக்க வேண்டும் என்று தெரியாதவர்கள் உள்ளங்கையில் லிப்ஸ்டிக்கோ சுண்ணாம்புத்தூளோ தடவிப் பிடித்துப் பார்க்கட்டும். அதிகம் ஒட்டியிருக்கும் மேடுகள்தான் குறைக்க வேண்டியவை. அரைவட்ட அரம், பிறகு 120-ஆம் நம்பர் மணல் காகிதம், கடைசியாக 240. அதற்கு மேல் வழவழப்பாக்க வேண்டாம். வார்னிஷ் கூடவே கூடாது. நம்மூர் வியர்வையில் வார்னிஷ் பூசிய கிரிப் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு போதும்.

மூன்று இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ஆள்காட்டி விரல் ட்ரிக்கரைத் தவிர மரத்தின் எந்தப் பகுதியையும் தொடக்கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு போஸ்ட்கார்டு தாராளமாகப் போய் வர வேண்டும். தொட்டால், ட்ரிக்கர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் முனை பக்கவாட்டில் தள்ளப்படும். அடுத்தது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவை. அது கிரிப்பின் மேல்வளைவில் இடைவெளியில்லாமல் ஏறி உட்கார வேண்டும். கை அங்கே தாழ்ந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு உயரத்தில் பிடிப்பீர்கள். மூன்றாவது, கீழே ஏற்றி இறக்கும் உள்ளங்கைத் தாங்கி. இதை இறுக்கிவிட்டால் பிஸ்டல் கையோடு ஒட்டியதுபோல் சுகமாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் கை மரத்துப்போகும். கையின் அடிப்பக்கம் தாங்கியை லேசாகத் தொட்டால் போதும், நசுங்கக் கூடாது.

செதுக்கும் ஆர்வத்தில் விதியை மறந்துவிடக் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்-இன் விதிப்படி தாங்கி கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாமல் நீண்டிருக்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. கட்டைவிரல் தடையில்லாமல் மேலே எழ முடிய வேண்டும். கிரிப் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டு தெளிவாக வெளியே தெரிய வேண்டும். பிஸ்டல் முழுதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த 50 மி.மீ. அகலத்தில்தான். தாங்கி ஒரு பக்கம், கட்டைவிரல் மேடு மறுபக்கம் என்று பூசிப் பூசி அகலம் கூடிவிடும், போட்டியன்று காலையில் பரிசோதனை மேஜையில் நின்று மரத்தைத் தேய்க்க வேண்டிவரும். அட்டையில் அதே அளவுக்குப் பெட்டி ஒன்று செய்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லையா? ஜெர்மனியின் ரிங்க் போன்ற நிறுவனங்களிடம் கையின் உருவரையை அனுப்பிக் கிரிப் செய்து வாங்கலாம். தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் அதிலும் கடைசிக் கொஞ்சம் அரவேலை இருக்கத்தான் செய்யும்.

ட்ரிக்கர்

இந்தப் பிஸ்டலை வாங்குவதற்கு உண்மையான காரணம் இதுதான். ட்ரிக்கர் இரண்டு கட்டமாக இழுபடும். இரண்டாம் கட்டம் கண்ணாடி ஒடிவதுபோல் சுத்தமாக விடுகிறது, இழுவை, உராய்வு எதுவும் தெரியாது. குண்டில்லாமல் வெறும் ட்ரிக்கர் பயிற்சிக்கு, குண்டு போடும் லிவரைத் திறந்து மூட வேண்டியதே இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு இழுத்தால் டிக் என்று கேட்கும், மறுபடி இழுக்கலாம். தினமும் வீட்டுச் சுவரைப் பார்த்து நூறு தடவை இழுக்கிறவருக்கு இது பெரிய வசதி. மெக்கானிக்கல் பிஸ்டல்களில் ஒவ்வொரு தடவையும் கையை இறக்கி மறுபடி ஏற்றி வைக்க வேண்டும்.

குறைந்தபட்ச ட்ரிக்கர் எடை 500 கிராம். பலரும் எடைக்கட்டியைத் தூக்கும் விளிம்பில், சரியாக 500-இல் நிறுத்துகிறார்கள். 515 முதல் 520 வரை வையுங்கள். ட்ரிக்கர் இழுப்பு நாளுக்கு நாள் சில கிராம் மாறும். பரிசோதனையில் குழலை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, மட்டமான மேஜையிலிருந்து எடையை மெதுவாகத் தூக்க வேண்டும். காற்றும் வெளியேறும் நிலையில்தான் சோதனை. மூன்று முயற்சிகள் மட்டும். வீட்டில் சமையலறைத் தராசில் இழுத்துப் பார்த்துவிட்டுப் போகாமல், 500 கிராம் எடைக்கட்டியைத் தொங்கவிட்டே பழகுங்கள். எடை ட்ரிக்கரின் நடுப்பகுதியில் தொங்க வேண்டும். நுனிக்குச் சரிந்தால் நெம்புகோல் நீளம் கூடி, நல்ல ட்ரிக்கரும் தோற்றுவிடும்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று எடையைப் பிரிப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு, முதல் கட்டத்தை இறகுபோல் லேசாக்குவது. அப்போது மீதி எடை முழுதும் இரண்டாம் கட்டத்தில் குவிந்து, கடைசி நொடியில் விரல் வெட்டி இழுக்கும். மொத்தத்தில் முக்கால் பங்கையோ அதற்குக் கொஞ்சம் மேலாகவோ முதல் கட்டத்துக்குக் கொடுங்கள். விரல் அந்தச் சுவரில் போய் நிற்பது தெளிவாகத் தெரியும், அதன்பின் கொஞ்சம் அழுத்தினால் போதும். ட்ரிக்கர் நாக்கை முன்பின் நகர்த்தி, விரலின் முதல் கணுவிலுள்ள சதை நடுவில் படும்படியும், இழுப்பு நேராகப் பின்னோக்கி வரும்படியும் வையுங்கள். திருகுகளை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் எழுதுங்கள். மூன்று திருகை ஒரே சமயத்தில் திருப்பிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் தவிப்பது இந்தப் பிஸ்டல்காரர்களின் நிரந்தர வியாதி.

எலக்ட்ரானிக் என்பதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து வருவதற்குள் நிறைய நேரம் போய், அவசரமாகச் சுட்டு முடித்தும் 600-க்கு 575 எடுத்தார். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று போனது. அவரே 2024-இல் பாரிஸில் இதே போட்டிப் பிரிவில் வெண்கலம் வென்றார். பிஸ்டல் பழுதுக்காக 75 நிமிடக் கடிகாரம் நிற்காது. ஆகவே மாநில அளவுக்கு மேல் போகிறவர்கள் மாற்றுப் பிஸ்டல் ஒன்றைப் பரிசோதனையில் காட்டி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு வசதி இல்லாதவர்கள், பக்கத்தில் சர்வீஸ் செய்ய ஆள் இல்லாத ஊரில் இருப்பவர்கள், மெக்கானிக்கல் மாடலையே எடுக்கலாம், தப்பில்லை. எதுவானாலும் போட்டிக்கு முந்தைய நாள் பேட்டரியை மாற்றுங்கள், இன்னொன்று பெட்டியில் இருக்கட்டும். சுட்டு முடித்தபின் சுவிட்சை அணைக்க மறப்பதுதான் பேட்டரி தீர்வதற்கு முக்கியக் காரணம்.

சைட்

பின் பள்ளத்தின் அகலத்தைத் திருகால் மாற்றலாம், முன் சைட் தகடு வெவ்வேறு அகலத்தில் கிடைக்கும். 4.5 மி.மீ. தகடு கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், 10 மீட்டரில் சுமார் 45 மி.மீ. அகலமாகத் தெரியும். இலக்கின் கருவட்டம் 59.5 மி.மீ. இது பெரும்பாலோருக்குச் சரியான விகிதம். கை குட்டையானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தகடு கண்ணுக்கு அருகில் வருவதால் அகலமாகத் தெரியும். அவர்கள் 4 மி.மீ. போட்டுப் பார்க்கலாம். தகட்டின் இருபுறமும் தெரியும் வெள்ளை இடைவெளி, ஒவ்வொன்றும் தகட்டின் பாதி அகலமாவது இருக்கட்டும். மிக ஒடுக்கமாக வைத்தால் துல்லியம் கூடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. கண் அந்தக் கோடுகளைச் சமன் செய்ய முயன்றே களைத்துப்போய், நாற்பதாவது குண்டுக்குள் மங்கத் தொடங்கும்.

கருவட்டத்தை ஒட்டிப் பிடிக்காமல், அதற்குக் கீழே வெள்ளையில் ஒரு பகுதியைக் குறியாக வைத்து சைட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். கருப்பும் கருப்பும் தொட்டுக்கொண்டால் முன் சைட்டின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் தகடு பளபளத்தால், தகட்டைக் கழற்றி எடுத்துக் கற்பூரப் புகையில் காட்டினால் கரி நன்றாகப் படியும். பிஸ்டலில் வைத்தபடியே நெருப்பைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது. பிஸ்டல் மேல் லென்ஸ், லேசர் எதையும் விதி அனுமதிப்பதில்லை.

குண்டும் காற்றும்

தட்டைத் தலைக் குண்டுகள் மட்டும். பிஸ்டலுக்கென்றே லேசான ரகங்கள் உண்டு: ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 பிஸ்டல் ரகம் 0.45 கிராம், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் பிஸ்டல் 0.49 கிராம். 4.49, 4.50 என்று தலை அளவுகளில் கிடைக்கும். பிஸ்டலை வைஸில் ரப்பர் வைத்துப் பிடித்து, ஒவ்வொரு ரகத்திலும் ஐந்து ஐந்து குண்டாகச் சுட்டுப் பாருங்கள். பத்தாம் வளையம் 11.5 மி.மீ. நல்ல குண்டு அதற்குள் தாராளமாக ஒரே ஓட்டையாக விழும். எந்த ரகம் பொருந்துகிறதோ, அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். ஆனால் கையால் சுட்டு 600-க்கு 540 தாண்டாதவர் குண்டுச் சோதனையில் நேரம் செலவிடுவதில் அர்த்தமில்லை.

சிலிண்டரில் ஒரு நிரப்பலுக்கு ஏறக்குறைய இருநூறு குண்டு கிடைக்கும். பயிற்சிச் சுடுதலையும் சேர்த்து ஒரு போட்டிக்குத் தாராளம். மெதுவாக நிரப்ப வேண்டும். வேகமாக ஏற்றினால் சூடேறி 200 காட்டும், ஆறியபின் 180-க்கு இறங்கும். கைபம்பு வைத்திருப்பவர்களுக்குக் கடலோர ஊர்களின் ஈரக்காற்றுதான் பிரச்சினை. அடிக்கடி நிறுத்தி, வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். டைவிங் டேங்கிலிருந்து உலர்ந்த காற்று கிடைத்தால் அதுவே நல்லது. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது, எண்ணெய்ப் பசை இருந்தால் வெடிக்கும். காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் ரப்பரை ஊதவைத்துவிடும்.

பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். புதுச் சிலிண்டரின் விலையை விற்பவரின் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். அடுத்து, நிரப்பி ஒரு இரவு வைத்து, காலையில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரைத் தனியாக வைத்தபோது இறங்கினால் அதன் வால்வு, பிஸ்டலில் பூட்டியபோது மட்டும் இறங்கினால் பிஸ்டல் பக்கத்து ஓ-ரிங். கடைசியாக, முந்தைய உரிமையாளர் செதுக்கிய கிரிப் உங்கள் கைக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். புதுக் கிரிப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எடைக்கட்டி பற்றி இரண்டு வரி. மொத்த எடை 1500 கிராம் வரை விதியில் இடமுண்டு. அதற்காக அதை எட்ட வேண்டும் என்றில்லை. முன்பக்கம் 20 கிராம் சேர்த்தாலே கை நிதானம் மாறுவது தெரியும். அறுபது குண்டு சுட்டு, கடைசிப் பத்தில் ஸ்கோர் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், விழுந்தால் கழற்றிவிடுங்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எடைக்கட்டியே வேண்டாம். அவர்களுக்கு இந்த முழு நீளப் பிஸ்டலைவிடக் குட்டையான 162 இஐ ஷார்ட் பொருத்தம். முனையின் பாரம் குறைவதால் தோள் சீக்கிரம் தளராது.